துணைக்கு ஒரு கண்

அந்த வருஷம் பங்குனி தொடங்கி ஆவணி முடியக் கோட்டாற்றில் விற்ற ஆட்டுத்தலை ஒன்றுக்காவது கண் இருந்ததென்று யாரும் சொல்லிவிட முடியாது. ஞாயிற்றுக்கிழமை தலைக்கறி வைக்கிற வீடுகளிலெல்லாம் சண்டை. சட்டியைத் திறந்தால் இரண்டு பக்கமும் குழி. "நல்ல தலையாப் பாத்து வாங்கத் தெரியாதா? குருட்டு ஆட்டையா தூக்கிக்கிட்டு வந்திருக்கீரு?" என்று பெண்கள் ஏசினார்கள். ஆண்கள் இறச்சிக்கடை சேக் மைதீனிடம் போய்க் கேட்டார்கள். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "கண்ணெல்லாம் டாக்டர் வீட்டுக்குப் போயாச்சு. வேணுமானா அங்க போய்க் கேளுங்க" என்றார். ஒருத்தரும் போகவில்லை. அந்த வீட்டைக் கடக்கும்போது பட்டப்பகலிலேயே ஆட்கள் தெருவின் எதிர்ப்பக்கமாக ஒதுங்கி நடக்கிற காலம் அதற்குள் வந்துவிட்டது.

டாக்டர் என்றால் மிஷன் டிஸ்பென்சரி ஜஸ்டஸ். எல்.எம்.பி. படித்தவர். மனைவி ஞானசெல்வி, லேஸ் பின்னுகிறவள். அவள் குண்டூசி குத்தி நூல் மாற்றிப் பின்னிய விரிப்பு சீமையில் எந்தெந்தத் துரைசானியின் மேசைமேல் கிடக்கிறதோ, அவளுக்கே தெரியாது. நூறு குச்சிகளில் நூல் தொங்கினாலும் எந்தக் குச்சி எந்தப் பூவுக்குப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். நூறு என்று குறைத்துத்தான் சொல்கிறேன்.

ஜஸ்டஸுக்குக் கண் வைத்தியத்தின் மேல் பித்து. மெட்ராஸ் கண்ணாசுபத்திரியில் இரண்டு வருஷம் கூடவே தங்கிப் படித்துக் கத்தி பிடிக்க, தென்ஜில்லாக்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே ஓர் இடம். முப்பது வயதுக்குள் போகவேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருதரம் பரீட்சைக்குப் போனார். எழுத்தில் அவர்தான் முதல். கத்தியில் கவிழ்ந்தார். மேசையில் கிடந்த கிழவர் இவரைப் பார்த்து, "ஐயா, கையில என்ன வச்சிருக்கீரு?" என்று கேட்டுவிட்டார். அவ்வளவுதான். இவர் கை பிடித்த கத்தி வேப்பிலை மாதிரி ஆடிற்று. வேறொருவர் வாங்கி அறுத்தார்.

இந்த வருஷம் கிறிஸ்மஸ் வந்தால் முப்பது. இதுதான் கடைசி வாய்ப்பு. தவறினால் எங்கே அனுப்புவார்கள் என்று மிஷனில் எழுதியே கொடுத்துவிட்டார்கள்: கீரிப்பாறை ரப்பர் தோட்டத்து டிஸ்பென்சரி. அங்கே கடைசியாகப் போன கம்பவுண்டர் நடந்து போனார், மலைக்காய்ச்சலோடு கட்டிலில் வந்தார், மறுநாள் பெட்டியில் போனார். அவர் ஞானசெல்வியின் ஒரே அண்ணன். ஆகவே அந்தப் பரீட்சை ஜஸ்டஸுக்கு உத்தியோகம், அவளுக்குத் தாலி.

செத்த ஆட்டின் கண்ணில் கையைப் பழக்குவது என்று ஜஸ்டஸ் முடிவு செய்தார். நாளுக்கு ஆறு கண். கண்ணை எதில் வைத்து அறுப்பது? உருளும், வழுக்கும். ஞானசெல்விதான் வழி சொன்னாள். தேங்காய்ச் சிரட்டையின் கண்ணை உரசிப் பெரிதாக்கி, உள்ளேயிருந்து ஆட்டுக்கண்ணைத் தள்ளி, பின்னால் ஈரப் பஞ்சை அடைத்து, சிரட்டையைத் தான் லேஸ் பின்னுகிற வைக்கோல் தலையணைமேல் கவிழ்த்து நான்கு குண்டூசியால் இறுக்கினாள். பார்த்தால், முகமே இல்லாமல் ஒரு மண்டை படுத்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறமாதிரி இருக்கும்.

மத்தியானம் இரண்டிலிருந்து நான்குவரைதான் மேற்குச் சன்னலில் வேண்டிய வெளிச்சம். தெருவில் ஈ காக்கை இருக்காது. புழுக்கலரிச் சோறும் சாளைமீன் புளிமுளமும் தின்ற ஊர் மொத்தமும் உறங்கும். அந்த வீட்டில் மட்டும், மண்சட்டித் தண்ணீரில் ஆறு கண்கள் மிதந்துகொண்டு முழித்திருக்கும்.

ஆட்டின் கண்பாப்பா நம்முடையதைப் போல வட்டமில்லை. குறுக்கே ஒரு கோடு. கோயில் காணிக்கைப் பெட்டியின் வாய் மாதிரி இருக்கும். ஞானசெல்வி அடுக்களையிலிருந்து வெந்நீர் கொண்டுவந்தால் ஆறு கோடும் வாசலைப் பார்க்கும். அவள் சன்னலோரம் போனால் சட்டித் தண்ணீர் தானாக ஒரு சுற்றுச் சுற்றி, ஆறும் சன்னலுக்குத் திரும்பும். காற்று என்பார் ஜஸ்டஸ். வேனற்காலத்து மத்தியானத்தில், இலை அசையாத கோட்டாற்றில், சட்டிக்குள்ளே மட்டும் என்ன காற்று?

அறுத்து முடித்த கண்களை அவள் புறவாசலில், வழுதலைச் செடிகளுக்கு (கத்தரிக்கு அங்கே அதுதான் பேர்) அடியில் புதைப்பாள். முதல் நாள் வெளியே எறிந்துதான் பார்த்தாள். கோட்டாற்றுக் காக்கை தின்னாத பொருள் உலகத்தில் உண்டா? நாற்பது காக்கை வந்தது. சுற்றி உட்கார்ந்தது. பார்த்தது. ஒன்று கூடத் தொடாமல், ஒன்று கூடக் கரையாமல் எழுந்து போனது. அதற்குப் பிறகுதான் புதைத்தல். அந்த வருஷம் காய்த்த வழுதலங்காய் ஒவ்வொன்றும் பிள்ளைத் தலை பருமன். எல்லாச் செடியும் வெயிலை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்துச் சாய்ந்து நின்றன.

பக்கத்து வீட்டுச் செல்லபாய் வேலிக்கு மேலாகக் கேட்டாள்: "ஏட்டி ஞானம், ரெண்டு காய் தாறியா?"

"பறிச்சுக்கிடுங்கக்கா."

செல்லபாய் கை நீட்டினாள். நீட்டின கையை அப்படியே இழுத்துக்கொண்டாள். "வேண்டாம் பிள்ளே. அது என்னை உத்துப் பாக்கு."

"வழுதலங்கா எங்கயாவது பாக்குமாக்கா?"

"அப்பம் நீ தீயல் வச்சுத் தின்னியா?"

ஞானசெல்வியும் தின்னவில்லை. உபதேசியார் மகள் அவள். பேயும் கண்ணேறும் கிடையாதென்று வேதபாடத்தில் பரிசு வாங்கினவள். ஆகையால் பயப்படுவதை வெளியே சொல்ல வழியில்லாமல், பயந்தாள்.

ஆறு வாரமாகியும் ஜஸ்டஸின் கை நிற்கவில்லை. கத்தி ஒரு பக்க ஓரத்தில் நுழைந்து, மறு பக்கம் வெளிவந்து, மேலாக அரைவட்டம் அறுக்கவேண்டும். பிறகு கரண்டியால் மெல்ல அமுக்கினால் உள்ளேயிருக்கிற மணி கோலிக்குண்டு மாதிரி வழுக்கி வெளியே வரும். இவருக்கு நுழைகிறபோதே கட்டைவிரல் நகம் வெளுக்கும். நகம் வெளுத்தால் கை ஆடும்.

நூல் எண்ணிப் பழகினவள் கணக்காகப் பார்த்தாள். முதல் கண்ணில் ஆட்டம் மிக அதிகம். இரண்டாவதில் கொஞ்சம் குறைவு. ஐந்தாவதில் லேசாக. ஆறாவது கண்ணில் கை கருங்கல். தினமும் அப்படியே.

"கேட்டியளா? ஆறாவதுக்கு உங்க கை நிக்கி."

"பழகிப்போவுது, அதான்."

"அப்பம் மறுநாள் முதலாவதுக்கு ஏன் ஆடுது?"

அவர் சட்டியைப் பார்த்தார். சட்டியும் அவரைப் பார்த்தது.

மீதிக் கண்கள் பார்ப்பதுதான் காரணம் என்று அவளுக்குப் பட்டது. மூடவேண்டும். கைக்கு எட்டினதை எடுத்தாள். அங்கேதான் பிசகிப்போயிற்று, ஏனென்றால் அந்த வீட்டில் கைக்கு எட்டுவது லேஸ். சீமைக்குப் போகவேண்டிய, எட்டு வாரம் பின்னின வட்ட விரிப்பை எடுத்துச் சட்டிமேல் போட்டாள். அதில் பூவுக்குப் பூ நடுவிலே ஓட்டை. ஜஸ்டஸ் கத்தியை எடுத்துக்கொண்டு தலை நிமிர்ந்தார். விரிப்பின் ஒவ்வொரு பூவுக்குள்ளும் ஒரு கோடு. ஐந்து கண்தான் சட்டியில். பூ நாற்பது. நாற்பதிலும் கோடு தெரிந்தது என்று இரண்டு பேரும் பின்னால் சொன்னார்கள், நான் கூட்டவில்லை. கத்தி கண்ணைத் துளைத்து, சிரட்டையைத் துளைத்து, தலையணை வைக்கோலில் போய் நின்றது.

"ஏட்டி, மூடணும்னா வலையைப் போட்டா மூடுவ?" என்று கத்தினார். பிறகு கத்தியைக் கீழே வைத்து, முகத்தைக் கைகளில் புதைத்து, "கீரிப்பாறைக்குப் பெட்டி கட்டு ஞானம்" என்றார்.

அவள் பெட்டி கட்டவில்லை. மறுநாள் காலையில் நேராகச் சேக் மைதீன் கடைக்குப் போனாள். பெண்பிள்ளை இறச்சிக்கடை வாசலில் நிற்பதைத் தெருவே பார்த்தது. சேக் மைதீன் பதறி எழுந்தார்.

"என்ன தாயி, கண்ணு குறைஞ்சு போச்சா? எண்ணித்தானே கொடுத்தேன்."

"குறையல்ல அண்ணாச்சி. ஒண்ணு கேக்கணும். தெனமும் அறுக்கியள்ளா, உங்களுக்குக் கை ஆடாதா?"

அவர் சிரித்தார். "எனக்கு ஆடினா கோட்டாறு பட்டினியில்லா? ஆடாது."

"ஆடு உங்களைப் பாக்காதா?"

சிரிப்பு நின்றது. அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் பேசினார். "பாக்க விடமாட்டோம் தாயி. கத்தியை அதுக்குக் காட்டப்படாது. அது கண்ணு முன்னால தீட்டப்படாது. அதைவிடப் பெரிசு ஒண்ணு உண்டு. ஒரு ஆட்டுக்கு முன்னால இன்னொரு ஆட்டை அறுக்கப்படாது. மத்ததையெல்லாம் மதிலுக்கு அந்தப்பக்கம் திருப்பிக் கெட்டிருவோம். எங்க வாப்பா காலத்திலே ஒருத்தன் சோம்பல்பட்டு மூணு ஆட்டை வரிசையா நிறுத்தி அறுத்தான். மூணாவது ஆடு கத்தவே இல்ல. அவனைப் பாத்துக்கிட்டே நின்னுது. அண்ணைக்குப் போன கை, சாவுற வரைக்கும் சோத்தை வாய்க்குக் கொண்டுபோகல்ல."

ஞானசெல்வி விரல்விட்டு எண்ணினாள். ஆறு வாரமாக அவர்கள் செய்தது அதுதான். ஒன்றின் முன்னால் ஒன்றை, தினமும், வரிசையாக.

அன்று முதல் சட்டி அடுக்களைக்குப் போயிற்று. சுளகால் மூடி, மேலே அம்மிக்குழவியை வைத்தாள். ஒரு கண்ணைச் சிரட்டையில் பொருத்தி, கைக்குள் பொத்திக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அது முடிந்தபிறகுதான் அடுத்தது. ஜஸ்டஸின் கை நின்றது. முதல் கண்ணிலேயே நின்றது. அவர் ஒரு வாரம் நம்பவில்லை, இரண்டாவது வாரம் சீட்டியடித்தார்.

ஆனால் ஒன்று பாருங்கள். அவர்மேல் இருந்த பார்வை அத்தனையும் அவள்மேல் வந்துவிட்டது. அரிசி களைந்தால் கழுநீரில் குறுக்குக்கோடு. தேங்காய் உடைத்தால் மூன்று கண்ணும் அவளை முறைக்கும். சுளகுக்குக் கீழே, அவள் சமைக்கிற நேரமெல்லாம், தண்ணீர் மெதுவாகத் திரும்பித் திரும்பி அவள் இருக்கிற பக்கம் வரும் சத்தம்.

ஆடி மாதம் ஒருநாள், ஆறில் ஒன்று மிகச் சிறியது. குட்டியின் கண். மற்றதெல்லாம் மஞ்சள், இது நீலம் பாய்ந்த கறுப்பு. எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அது முறைக்கவில்லை. பால்குடி பிள்ளை தாயைப் பார்க்கிறமாதிரி சும்மா பார்த்தது. பிறகு ஓரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உருண்டு அவள் மணிக்கட்டில் விழுந்தது. சட்டித் தண்ணீர்தான், வேறென்ன என்று சொல்லிக்கொண்டாள். சட்டித் தண்ணீர் குளிர்ச்சி. விழுந்த சொட்டுச் சூடு.

அதைச் சிரட்டையில் பொருத்தவில்லை. புறவாசலுக்குப் போய், வழுதலைச் செடிகளைத் தாண்டி, கிணற்றோரத்துச் செம்பருத்தியின் அடியில் தனியாகக் குழி தோண்டி, பஞ்சில் பொதிந்து, முழுசாகப் புதைத்தாள்.

"ஆறாவது எங்கட்டி?" என்று உள்ளேயிருந்து குரல்.

"காக்கா கொண்டு போச்சு."

"சனியன் பிடிச்ச காக்கா" என்றார் ஜஸ்டஸ். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆவணிக் கடைசியில் பரீட்சை. இந்தத் தடவை மெட்ராஸில் இல்லை. பெரிய கண் டாக்டர் துரை அஞ்சுகிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பத்து நாள் முகாம் போட்டு, கண்ணில் புரை விழுந்தவர்களுக்கெல்லாம் அறுவை செய்கிறார். கடைசிச் சுற்றுக்கு வந்த இரண்டு பேரும் அங்கேயே துரை முன்னால் ஆளுக்கு ஆறு கண் அறுக்கவேண்டும். இரண்டில் ஒருவருக்கு இடம். ஒருவர் ஜஸ்டஸ். மற்றவர் மார்த்தாண்டம் பக்கத்து ரசலையன். அவர் கையும் நாக்கும் ஒரே வேகம். ஞானசெல்வி பெண் நோயாளிகளுக்குக் கட்டுத்துணி சுருட்டப் போயிருந்தாள்.

"என்ன ஜஸ்டஸ், கையைக் கூட்டிக்கிட்டு வந்தியா, வீட்டிலேயே வச்சுக்கிட்டு வந்தியா?" என்றார் ரசலையன்.

"கூட வந்திருக்கு" என்றார் ஜஸ்டஸ். துணி சுருட்டுகிறவளைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

ரசலையன் ஆறையும் அரைமணி நேரத்தில் முடித்தார். சுத்தமான வேலை. நாலாவதாகப் படுத்த கிழவி மட்டும் அலறினாள். அடுத்தது ஜஸ்டஸ். மேசையில் ஏறிப் படுத்தவர் கோலப்பன். நாஞ்சில் வயலில் அறுபது வருஷம் உழைத்து, ஏழு வருஷமாக இரண்டு கண்ணும் தெரியாதவர்.

"டாக்டரே, கண்ணை எடுத்துப்போட்டு அந்த இடத்திலே சிரட்டையை வச்சிரமாட்டேருல்லா?"

ஜஸ்டஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிரட்டை விஷயம் இந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. வெறும் வாய்ப்பேச்சு. ஆனால் ஜஸ்டஸ் நிமிர்ந்தார், நிமிர்ந்ததும் பார்த்தார்.

எதிரே பெஞ்சில் மீதி ஐந்து பேர். முட்டோடு முட்டு இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். புரை முற்றி, பத்துக் கண்ணும் வேகவைத்த மொச்சைப்பயறு போல வெளுப்பு. நாலாவது கிழவியின் அலறலைக் கேட்டவர்கள். மேசையிலிருந்து சத்தம் எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் பத்துக் கண்ணும் ஒன்றாகத் திரும்பின. ஜஸ்டஸ் இடப்பக்கம் நகர்ந்தார். செருப்புச் சத்தம் கேட்டு ஐந்து முகமும் இடப்பக்கம் நகர்ந்தன. வலப்பக்கம் வந்தார். வலப்பக்கம் வந்தன. பள்ளிக்கூடத்து ஓட்டுக்கூரையில் ஒரு பல்லிச் சத்தம்கூட இல்லை.

கட்டைவிரல் நகம் வெளுத்ததை முதலில் பார்த்தது ஞானசெல்வி.

அவள் துணியைப் போட்டுவிட்டு எழுந்தாள். துரை நிற்கிற இடம், பெண்பிள்ளை நடுவே புகக்கூடாத இடம், ஒன்றும் தெரியவில்லை. நேராகப் பெஞ்சண்டை போய், முதல் ஆளின் தோளைத் தொட்டாள். "எந்திரிங்க அப்பா. எல்லாரும் எந்திரிச்சுச் செவுத்தைப் பாத்துத் திரும்பி உக்காருங்க."

ரசலையன் சிரித்துவிட்டார். "அவங்களுக்குத்தான் கண்ணே தெரியாதே! எதுக்குத் திருப்புதா?"

"அவங்களுக்குத் தெரியாது" என்றாள் ஞானசெல்வி, ஜஸ்டஸின் பக்கம் தலையசைத்து. "இவங்களுக்குத் தெரியுமே."

துரைக்கு அரைகுறைத் தமிழ். "என்ன? ஏன்?" என்று கேட்டார்.

"ஒருத்தர் முன்னால ஒருத்தரை அறுக்கப்படாது துரை."

துரை அவளைப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். அலறின கிழவியைப் பார்த்தார். அவருடைய நீலக் கண்ணுக்குள்ளே என்ன ஓடிற்றோ, விரலைச் சொடுக்கினார். இரண்டு பேர் வந்து பெஞ்சைத் தூக்கி வெளிவராந்தாவில் போட்டு, ஐந்து பேரையும் முகம் வேலியைப் பார்க்க உட்காரவைத்தார்கள்.

ஜஸ்டஸ் கண் மரத்துப்போகக் கொக்கேன் சொட்டு விட்டார். இமையைக் கம்பியால் விரித்தார். "கீழே பாரும் பாட்டா" என்றார். கத்தி ஒரு ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வந்து அரைவட்டமாக எழுந்து நின்றது. வெள்ளைமணி வழுக்கி வெளியே வந்தது. கோலப்பன், "முடிஞ்சுதா? நான் இன்னும் பயப்படவே தொடங்கலியே?" என்றார்.

ஆறும் அப்படியே. ஒருத்தரும் முனகக்கூட இல்லை. துரை கைகழுவும்போது ரசலையனிடம் ஏதோ நல்லவிதமாகச் சொல்லி முதுகில் தட்டினார். ஜஸ்டஸிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஐப்பசி முதல் தேதி மெட்ராஸுக்கு வரும்படி ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். ஞானசெல்வி அதைக் கையில் வாங்கிப் படித்தாள். தன் அண்ணனை நினைத்துக்கொண்டு, சுருட்டின கட்டுத்துணியில் முகத்தைத் துடைத்தாள்.

கண் அறுத்தவர்கள் எட்டு நாள் அசையாமல் கிடக்கவேண்டும். இரண்டு கண்ணிலும் கட்டு. தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. கஞ்சியும் பயறும் ஊட்டிவிடுவார்கள். எட்டாவது நாள் காலையில், வராந்தா நிழலில், ஜஸ்டஸ் கோலப்பனின் கட்டை அவிழ்த்தார். கூட ஞானசெல்வி வெந்நீரோடு நின்றாள்.

கோலப்பன் கண்ணை மெதுவாகத் திறந்தார். சிமிட்டினார். கூரையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்து, "இவ்வளவு கிழண்டு போச்சா?" என்றார். பிறகு திரும்பி ஏதையோ தேடினார்.

"என்ன தேடுதீரு பாட்டா?" என்றாள் ஞானசெல்வி.

"ஆடெல்லாம் எங்க மக்கா?"

"எந்த ஆடு?"

"எட்டு நாளா என்னைச் சுத்தி நின்னுதே. நீங்க கெட்டு போட்ட அன்னைக்கே வந்துட்டு. பெரிய மந்தை. எண்ணி முடியாது. சத்தமே கிடையாது பாத்துக்கிடுங்க, மணிச்சத்தம்கூட இல்ல. எல்லாம் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கி. ஒண்ணு ஒண்ணாத் திரும்பிச்சு. ஒண்ணுக்கும் கண்ணில்ல. ரெண்டு பக்கமும் குழி."

ஜஸ்டஸின் கையிலிருந்த கட்டுத்துணி அவிழ்ந்து தரைவரை தொங்கியது.

"பயமா இருந்துதா?" என்றாள் ஞானசெல்வி. குரல் வரவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார் கோலப்பன், ஏழு வருஷம் கழித்து.

"முதல்ல உயிரே போச்சு. பொறவு கூட்டத்திலே ஒரு குட்டி வந்துது. இத்தனூண்டு. அதுக்கு மட்டும் ஒரே ஒரு கண்ணு இருந்துது. நீலமாட்டு கறுப்பு. அது என் தலைமாட்டிலே வந்து படுத்துக்கிட்டு. மத்ததெல்லாம் நெருங்கினா அது நிமிந்து பாக்கும். அதுக பின்னால போயிரும். எட்டு நாளும் அதுதான் காவல். நல்ல குட்டி. யாருக்க குட்டி மக்கா அது?"

வேலிக்கு அப்பால் ஒரு ஆடு கத்திற்று. உண்மையான ஆடுதான், நான் விசாரித்துவிட்டேன்.

சாயந்திரம் வில்வண்டியில் திரும்பினார்கள். சாலையின் இரண்டு பக்கமும் கன்னிப்பூ நெல் அறுத்த வயல். வைக்கோல் வாசனை. வண்டி மருங்கூரைத் தாண்டிற்று. ஜஸ்டஸ் மாட்டின் முதுகைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஞானம், நம்ம வீட்டுக் கண்ணை ஒரு காக்காகூட ஒருநாளும் தொட்டதில்ல."

"இல்ல."

"அப்பம் அந்த ஆறாவதை..."

"செம்பருத்தி மூட்டில இருக்கு. முழுசா."

வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிற்று. "மெட்ராஸிலே நாளுக்கு இருபது கண் கொடுப்பாங்களாம், பழக" என்றார் ஜஸ்டஸ்.

"அதிலே ஒண்ணு எனக்குத் தந்திரணும். கத்தி படாம. தெனமும்."

"உனக்கு என்னத்துக்கு ஞானம்?"

"நீங்க கெட்டு போடுற ஆளெல்லாம் எட்டு நாள் இருட்டிலே கிடக்கணும்லா" என்றாள் அவள், முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு. "ஆளுக்கொண்ணு துணை வேண்டாமா?"